கயிற்றில் முடிந்த தேவி

ஒக்ஸ்போர்ட் நகரின் பெம்புறோக் வீதியிலே, முன்னாளில் மதுபானம் வடித்த ஆலைக் கட்டிடம் ஒன்று 1960களிலே கலைக்கூடமாயிற்று. இன்று மொடேர்ன் ஆர்ட் ஒக்ஸ்போர்ட் என வழங்கும் அக்கூடத்தில், 1994ஆம் ஆண்டு, மிருணாளினி முகர்ஜி என்னும் இந்தியப் பெண் சிற்பியின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. கல்லிலோ மரத்திலோ செய்யாமல், சாயம் தோய்த்த சணல் நார்க் கயிற்றைத் தம் கைகளாலேயே முடிச்சு முடிச்சாக இட்டு, ஆளுயரத்துக்கும் மேலாக உருவங்களை எழுப்பியவர் இவர். 1982இல் ஆக்கியவை தேவி, ருத்ரா, 1984இல் யக்ஷி, 1994இல் வனஸ்ரீ. இவை அவ்வுருவங்களுக்கு அவர் இட்ட பெயர்கள்.

இப்பெயர்களைக் கேட்டு ஆவலோடு செல்லும் இந்து அன்பர் ஒருவர், அங்கே கண்ணும் மூக்கும் காணாது திகைப்பது இயல்பே. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கயிறு ஒரு பக்கம் மலராகவும், மறுபக்கம் மானிட உடலாகவும், இன்னொரு பக்கம் அரியாசனமாகவும் தோன்றும். "இதுவா தேவி? சாமி பெயரை வைத்து விளையாடுகிறார்களே!" என்று மனம் நோவாரும் உளர். "இந்தக் கூடங்கள் எல்லாம் வெள்ளைக்காரருக்கு, எங்களுக்குக் கோயில் போதும்" என்று வாசலிலேயே திரும்புவாரும் உளர். இவ்விரு சாராரின் கருத்தும் ஆராயற்பாலன.

முதலாவது, மனம் நோவோரின் கருத்து. கோயில் மூர்த்தி ஆகம விதிப்படி அளவு கணித்து வார்க்கப்பட்டு, பிரதிஷ்டை செய்யப்பட்டு, அபிஷேக ஆராதனை பெறுவது. அதனைக் காண்பது தரிசனம். மிருணாளினியின் உருவங்கள் பூசைக்காக ஆக்கப்பட்டவை அல்ல. காட்டின் வளர்ச்சியையும் வளத்தையும் கண்டு அஞ்சியும் வியந்தும் நிற்கும் உணர்வுக்கு உருவம் தேடியவர் அவர். அவ்வுணர்வுக்குரிய பெயர்களை அவர் பிறந்த மண்ணின் மொழியிலேயே கண்டார். பூசைக்குரியது என்று சொல்லாத ஒன்றைப் பூசைக்குரியதன் அளவுகோலால் அளப்பது நியாயமாகாது. தெய்வ வடிவை வேண்டுமென்றே இழிவுபடுத்தும் படைப்பு எங்கேனும் வந்தால் எதிர்த்துக் குரல் கொடுப்பது கடமையே. ஆனால் எதனையும் கண்ட பின்னரன்றோ அது இழிவா இல்லையா என்று சொல்லலாம்?

உண்மையில் மனம் நோவதற்குரியது அதே நகரில் வேறோரிடத்தில் நடந்தது. பெம்புறோக் வீதியிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் அஷ்மோலியன் நூதனசாலை உள்ளது. தமிழ்நாட்டுச் செளந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குரிய திருமங்கையாழ்வார் வெண்கலத் திருமேனியை அந்நிலையம் 1967இல் ஏலத்தில் வாங்கியது. அத்திருமேனி 1957இல் கோயிலில் இருந்ததைக் காட்டும் பழைய புகைப்படம் பின்னர் தெரியவந்தது. 2024இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் அதனைத் திருப்பிக் கொடுக்க இணங்கியது. மாலையும் விளக்கும் பெற வேண்டிய திருமேனி அத்தனை ஆண்டுகள் நூதனசாலைப் பொருளாக நின்றதே, அதுவன்றோ குறை! அதனைப் பற்றி அறியாதவர்கள் கயிற்று உருவத்தைக் கண்டு கோபிப்பது பொருந்துமா?

இரண்டாவது, வாசலில் திரும்புவோரின் கருத்து. மிருணாளினியின் தந்தையார் பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனத்தின் பெரும் ஓவிய ஆசிரியர். 1950களின் பிற்பகுதியில் கண் பார்வையை முற்றாக இழந்த பின்னரும் கை தடவிக் கலை செய்தவர். தாயார் லீலாவும் சிற்பி. பரோடாவில் மகளுக்கு ஆசானாக வாய்த்தவர் கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, பின் சாந்திநிகேதனம் சென்றவர். நாட்டுக் கைவினைஞரின் தொழிலும் உயர்ந்த கலையே என்று மாணவர்க்கு உணர்த்தியவர். கயிறு முடியும் எளிய தொழில் சிற்பமானது அவ்வழியிலேதான். இத்தகைய பரம்பரையில் வந்த ஆக்கங்களை அந்நியர் சொத்து என்று ஒதுக்குவது, சொந்த வீட்டு வாசலில் நின்று உள்ளே போக மறுப்பது போன்றதாகும்.

இதனால் இழப்பு யாருக்கு? பிள்ளைகளுக்கே. புலம்பெயர்ந்த குடும்பங்களிலே களிமண் பிசையும் பிள்ளையைக் கண்டால் பெற்றோர் கலங்குகின்றனர். மருத்துவமும் கணக்கியலும் சோறு போடும், சிற்பம் என்ன போடும் என்று கேட்கின்றனர். அக்கவலை வீணானதன்று, வாடகையும் வங்கிக் கடனும் அறிந்தவரின் கவலை அது. மிருணாளினியின் ஒரு சிற்பத்துக்குப் பல மாத உழைப்பு தேவைப்பட்டது. அவருடைய முழு வாழ்நாள் ஆக்கங்களின் கண்காட்சி புதுடில்லித் தேசிய நவீன கலைக்கூடத்தில் 2015 ஜனவரி இறுதியில் தொடங்கியது; சில நாட்களில் அவர் காலமானார். நியூயோர்க்கின் மெற் புறூயர் கூடம் அவருக்குப் பெரும் தனிக் கண்காட்சி நடத்தியது 2019இலேதான். கலையின் பலன் இவ்வளவு தாமதமாக வருமென்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாறு வாழ்ந்த ஒருவர் இருந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஆகவே இந்துச் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுதல் நன்று. தாத்தா பாட்டிமாரும் உடன் செல்லட்டும். ஓர் உருவத்தின் முன் பத்து நிமிடம் பேசாது நிற்கட்டும். சுற்றி வந்து பார்க்கட்டும். பிடித்ததா இல்லையா என்று பின்னர் தம்முள் வாதாடட்டும். கோயிலில் கை கூப்பத் தெரிந்த பிள்ளை கலைக்கூடத்தில் கண் திறந்து பார்க்கவும் கற்றால், இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அப்பிள்ளை தானே அறிந்துகொள்ளும். அந்த அறிவு வந்த பிள்ளைக்குக் கோயிலின் அருமை கூடுமேயன்றிக் குறையாது.