கப்பற் பந்தியும் விடுதிப் பந்தியும்

சென்ற பருவத்தின் இறுதியில் நமது விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்ததை விடுதி மாணாக்கர் அனைவரும் அறிவர். உணவுக்கூடத்தில் அவரவர் விரும்பிய இடத்தில் அமரும் வழக்கம் இனி ஒழியும், மாதந்தோறும் திருவுளச்சீட்டு இட்டு ஒவ்வொருவர்க்கும் மேசை குறிக்கப்படும் என்பதே அதன் சாரம். மூன்று தினங்களுக்குள் அத்தாள் கிழிக்கப்பட்டது. கிழித்தவர் யாவர் என்று வினவுவது என் நோக்கமன்று. அதன்பின் கூடிய விடுதிக் கூட்டத்தில் எழுந்த கூச்சலின் நடுவே யானும் வாளாவிருந்தேன். அங்ஙனம் இருந்தமைக்காகப் பின்னர் வெட்கினேன். ஆதலின் அன்று வாயாற் சொல்லாததை இன்று எழுத்தாற் சொல்லத் துணிந்தேன்.

அக்கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து, பணங்கொடுத்து உண்பவனை "இன்ன இடத்தில் இரு" என்று கட்டளையிடும் வழக்கம் சிறைச்சாலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஆயினும் அவர் கூறியது உண்மையன்று. அவ்வழக்கம் உண்டு, அதுவும் நாம் விடுதிக்கு ஓராண்டு முழுவதும் செலுத்தும் தொகையை ஒரு வாரத்திற்குள் செலவிட்டு, இன்பம் ஒன்றையே நாடிச் செல்வோர் நடுவில் உண்டு. யான் குறிப்பது உல்லாசக் கப்பல்களை.

என் பெரியன்னையின் மகனார், அண்ணன் முறையினர், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சென்று அயல்நாட்டுக் கப்பலொன்றில் துணைப் பரிசாரகராய் வேலை பார்க்கிறார். நமது புதுக்கோட்டை ஜில்லாவிலிருந்து இத்தொழிலுக்குச் செல்லும் இளைஞர் அவர் ஒருவர் மட்டுமல்லர். விடுமுறைக்கு வந்திருந்தபோது யான் கேட்டவற்றிற்கெல்லாம் பொறுமையோடு விடையளித்தார். அவர் வாயிலாக அறிந்ததைச் சுருங்கக் கூறுவேன்.

பெருங்கப்பலில் பிரயாணிகள் இரண்டாயிரவர், மூவாயிரவர் இருப்பர். முதன்மையான போஜனசாலையில் அத்தனை பேர்க்கும் ஒரே வேளையில் இடமில்லை. ஆகவே இரவு உணவை இரண்டு பந்தியாகப் பகுத்து, முதற் பந்தியை மாலை 6 மணியளவிலும் இரண்டாம் பந்தியை 8 மணி கடந்தும் வைப்பர். முதற் பந்தியார் உண்ணும்போது மற்றவர் நாடக அரங்கில் இருப்பர்; பின்னர் இவர் அங்கே செல்ல, அவர் இங்கே வருவர். சமையற்கூடத்தார்க்கும் இதுவே வசதி. எத்தனை தட்டு எந்நேரத்திற்கு வேண்டும் என்பது முன்னமே தெரிந்துவிடுகிறது.

நம் பொருளுக்கு வேண்டியது இனி வருவது. இப்பழைய முறையிற் பிரயாணி ஒவ்வொருவர்க்கும் மேசை எண் கப்பல் ஏறுமுன்னரே குறிக்கப்பட்டுவிடும். அறைக்கதவைத் திறக்கும் அட்டையிலேயே அவ்வெண் அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. இருவர்க்கான சிறு மேசைகள் இடத்தை மிகுதியாகக் கொள்ளுமாதலின் அவை சிலவே. நால்வர், அறுவர், எண்மர், பதின்மர் இருக்கும் வட்ட மேசைகளே பல. இதனால் முன்பின் அறியாத எண்மர் ஒரு மேசையைச் சூழ்ந்து முதல் இரவு அமர்வர். பிரயாணம் முடியும்வரை அவர்களே அங்கு அமர்வர். பரிசாரகரும் மாறுவதில்லை. இரண்டாம் இரவிலேயே இன்னார்க்கு மிளகாய் ஆகாது, இன்னார்க்குத் தண்ணீரிற் பனிக்கட்டி வேண்டாம் என்பதை அவர் அறிந்துவிடுவார். என் அண்ணன், பெயர் சொல்லி அழைத்தலே அத்தொழிலின் பாதி என்றார்.

மாற்றிடம் விரும்புவோர்க்கு வழி இல்லையா எனின், உண்டு. போஜனசாலையின் தலைவர் ஒருவர் இருப்பார். முதல் இரவில் அவர்முன் நீண்ட வரிசை நிற்கும். காரணம் கேளாமல், இடமிருப்பின் மாற்றித் தருவார். நான்காம் இரவில் வருவோர் ஓரிருவரே. அதற்குள் அவ்வெண்மரும் ஒருவருக்கொருவர் தட்டிலுள்ளதைச் சுவைபார்க்கத் தொடங்கியிருப்பர் என்று அண்ணன் நகைத்தார்.

எல்லாக் கப்பல்களும் இம்முறையையே கைக்கொள்ளுகின்றன என்று கூறேன். நார்வேஜியன் கம்பெனியார் 2000-ஆம் ஆண்டில் குறித்த நேரம், குறித்த மேசை என்னும் இரண்டையும் விட்டு, விரும்பியபோது விரும்பிய இடத்தில் உண்க என்னும் முறையைப் புகுத்தினர். பிறரும் பலவாறு அதனைத் தழுவினர். குவீன் மேரி 2 என்னும் கப்பலிலோ, எந்த அறைக்கு எவ்வளவு கட்டணம் செலுத்தினரோ அதற்கேற்பப் போஜனசாலையே வேறாகும். டிஸ்னி கம்பெனியார் முறை இவற்றினும் விநோதமானது: பிரயாணிகள் இரவுதோறும் வேறு வேறு போஜனசாலைக்குச் செல்வர், அவர்களோடு அவர்தம் பரிசாரகரும் உடன் செல்வர். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சென்னைத் துறைமுகத்தினின்றும் எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பல் இலங்கை நோக்கிப் புறப்பட்டமையால், இவையெல்லாம் நமக்கு முற்றிலும் தூரதேசத்துச் செய்தியுமல்ல.

அந்நியரை ஒரு மேசையில் இருத்தும் கப்பலிலே, இருத்துவோர் எங்கே உண்கின்றனர் என்று அண்ணனைக் கேட்டேன். சிறிது மௌனமாயிருந்து, "எங்களுக்குத் தனி, மேலே உள்ள பணியாளர்க்குத் தனி, அதிகாரிகளுக்குத் தனி, தம்பி" என்றார். மேற்றட்டில் இவ்வளவு தெரிந்தவர்கள் கீழ்த்தட்டில் அதனை மறந்தது எங்ஙனமோ!

கப்பலும் பந்தியும் எங்கள் குடும்பத்திற்குப் பழைய கதை. என் பாட்டனார் 1951-ஆம் ஆண்டிற் பன்னிரண்டு வயதுச் சிறுவராய்த் தம் தகப்பனாரோடு ராஜுலா கப்பலேறிப் பினாங்கு சென்றவர். 1926-இற் கட்டப்பெற்ற அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய 1973 வரை தமிழரை ஏற்றியிறக்கியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறை எடுத்தவர்க்கே மேசையும் நாற்காலியும். தளத்தார்க்குப் பாய் விரித்த இடமே வீடும் பந்தியும். பாட்டனார் கூறுவார்: பாய் யார் பாயோடு ஒட்டியிருந்ததோ அவரே அயலார், தட்டிற் சோறு விழுந்ததும் அங்கேயே வட்டமாய் இருந்து உண்டோம், கடல் மும்முரமாயிருந்த நாளில் எனக்கு வாந்தி வந்தபோது என் தலையைப் பிடித்துத் தம் செம்பிலிருந்து தண்ணீர் புகட்டியவர் பக்கத்து ஊர் மிராசுதாரின் உறவினர். அதே மனிதரோடு சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து நாகப்பட்டினத்தில் இறங்கினோம். கரையில் கால் வைத்ததும் அவர் எங்களை அறியாதவர்போல் நடந்தார். அவர் ஊர்க் கலியாணத்தில் எங்களுக்குப் பந்தலுக்கு வெளியேதான் இலை.

இதனைப் பாட்டனார் கோபமின்றியே கூறுவார். எனக்குத்தான் கேட்கும்தோறும் நெஞ்சு எரியும்.

தமிழை விரும்பிப் பயிலும் எனக்கு இப்பந்தி வேறொரு துன்பத்தையும் தந்தது. குறளை ஆங்கிலப்படுத்தியவரும், கம்பனை அம்மொழியில் ஆராய்ந்தவருமான வ. வே. சு. ஐயரவர்களை யான் பெரிதும் மதிப்பவன். அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலே இரண்டு பிராமணச் சிறுவர்க்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டதால் எழுந்த பூசல், காங்கிரஸ் மகாசபையையே கலக்கியது. 1925-இல் அவர் குருகுலத் தலைமையை விட்டு விலகினார். இரண்டு சிறுவர், இரண்டு இலை! நமக்கு அதனைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் உரிமை உண்டோ எனின், இல்லை. பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ஆலயத்தில் யாவரும் கலந்து அமர வேண்டும் என்ற இளமிஷனெரிமாரை எதிர்த்து 1829-இல் எழுதினார். 1833-இற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபையிற் சாதி வேற்றுமை உடனே முற்றும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். மறையைத் துறக்க மனமொப்பினர்; இருக்கையைத் துறக்க மனமொப்பவில்லை. இரு புலவரையும் யான் இன்றும் வணங்குகிறேன். எனினும் இவ்விடத்தில் அவர்பின் செல்லேன்.

இரயில்வே நிலைய உணவுச்சாலைகளிற் பிராமணர்க்கெனத் தனியிடம் வைத்த வழக்கம் 1941-இல் ஒழிந்தது. அதனோடு யாவும் முடிந்தது என்பார் புதுக்கோட்டையாரிடம் அதனைச் சொல்லற்க. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எங்கள் ஜில்லா வேங்கைவயலிற் பட்டியலினத்தார் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கச் சென்ற அதிகாரிகள் அவ்வூர்த் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வழக்கத்தையும் கண்டனர். அப்பொழுது யான் பள்ளி மாணாக்கன். இக்கலாசாலைக்கு வந்த பின்னர், எவ்வூர் என்று என்னைக் கேட்டவருள் சிலர் புதுக்கோட்டை என்றதும் அதனையே நினைவூட்டினர்.

இனி நமது உணவுக்கூடத்திற்கு வருவோம். இங்கே இரட்டைக் குவளை இல்லை. இலை வேற்றுமை இல்லை. எவரும் எவரையும் எழுப்புவதில்லை. ஆயின் ஒரு நாள் இரவு கையில் தட்டோடு வாயிலில் நின்று பாருங்கள். வடக்குச் சுவரோரம் ஒரு ஜில்லாவார். கைகழுவும் இடத்தருகே இன்னொரு ஜில்லாவின் ஒரு பகுதியார், மறு பகுதியார் நடுவரிசையில். ஏன் அப்பகுதி இரண்டாயிற்று என்பதை நான் எழுத வேண்டுவதில்லை. சுதந்தரமாக இடந்தேர்ந்தோம் என்கிறோம். தேர்ந்தது நம் ஊர்த்தெருவின் வரைபடத்தையே. முதலாண்டு மாணாக்கன் ஒருவன் முதல் வாரத்தில் தவறான மேசையில் அமர்ந்துவிட்டான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்தவர் விரைவாக உண்டு எழுந்தனர், அவ்வளவே. மறுநாள் அவன் தன் இடத்தை அறிந்துகொண்டான். என்னைக் கேட்பின், அச்சிறை நண்பர் கூறிய சிறையைக் காட்டிலும் கொடிது.

எதிர்வாதங்கள் யாவும் பொய்யல்ல. ஆய்வுக்கூடத்திலிருந்து நேரங்கழித்து வருவோர் உளர். புலால் உண்ணாதார் உளர். வீட்டை நினைத்து வாடும் முதலாண்டுச் சிறுவனுக்கு ஊர்ப்பேச்சே மருந்து என்பதும் மெய். இவற்றிற்கு விடை எளிது. உடனறையினர் ஒருவரோடு சேர்ந்தே சீட்டெடுக்கலாம். புலால் விலக்கியோர் மேசைகளைத் தனியே வைத்து அவற்றுக்குள்ளும் சீட்டிடலாம். பிந்தி வருவோர்க்குக் கப்பலைப்போல் இரண்டாம் பந்தி வைக்கலாம்.

விடை எளிதல்லாத வாதம் ஒன்றே. அதனைக் கூட்டத்தில் ஒருவரும் கூறவில்லை. கூட்டத்திற்குப்பின் ஒருவர் என் அறைக்கு வந்து தாழ்ந்த குரலிற் கூறினார். "உன் சீட்டினால் நான் அறியாத ஏழு பேர் நடுவில் இருத்தப்படுவேன். முதற் கவளத்திலேயே எந்த ஊர் என்பர். இரண்டாவதில் எந்தத் தெரு என்பர். மூன்றாவதில் உன் தகப்பனார் பெயர் என்ன என்பர். இப்பொழுது என் மேசையில் அக்கேள்வி இல்லை; அதனை ஏன் பறிக்கிறாய்?" என்றார். யான் வாயடைத்திருந்தேன். கப்பலிலும் அயலார் எந்த ஊர் என்று கேட்பர். கேட்பதன் பொருள் அங்கே ஊரே. நம்மிடையே அதன் பொருள் ஊரன்று.

பல நாள் எண்ணிய பின்னரும் அவர்க்கு முழு விடை என்னிடமில்லை. ஆயினும் இவ்வளவு கூறுவேன். அக்கேள்வியை அஞ்சி அவர் ஒரு மேசைக்குள் ஒடுங்கியிருக்கிறார். கேட்பவனோ கூடம் முழுவதும் தன்னுடையதென்று இருக்கிறான். சீட்டு இட்டால், கேட்பவனும் தன் கூட்டத்தாரின் துணையின்றித் தனியனாய் வந்து அமர வேண்டும். எண்மரில் ஒருவனாய் இருந்து கேட்பது, தன் எண்மரோடு இருந்து கேட்பது போன்றதன்று. மேலும் கப்பலின் வழக்கத்தைப்போல் இடமாற்றம் விரும்புவோர்க்குக் காரணம் கேளாமல் மாற்றித் தர ஒருவர் வேண்டும். அவர் மாணாக்கராயிருத்தல் கூடாது. காப்பாளரே அதனை ஏற்க வேண்டும். விடுதியில் உண்ணும் ஆசிரியர்களின் பெயர்களும் அதே பெட்டியில் இடப்பட வேண்டும். அவர்கட்கு உயர்ந்த தனிமேசை இருக்கும்வரை எங்களை மட்டும் கலந்திருக்கச் சொல்லுதல் என் அண்ணனின் கப்பற் கீழ்த்தட்டுக் கதையே ஆகும்.

ஒரு மாதம் சோதித்துப் பார்ப்போம். ஓராண்டு என்று கேளேன். அம்மாதம் முடிந்ததும் இரகசிய வாக்கெடுத்து, வேண்டாமென்பார் மிகுதியாயின் விட்டுவிடலாம். காப்பாளரவர்கள் அத்தாளை மீண்டும் ஒட்டுவார்களாயின், கிழிக்க எண்ணுவோர் முதலில் என்னிடம் வந்து வாதிடுமாறு வேண்டுகிறேன். என்னைக் காண்பது அரிதன்று. மூன்றாண்டாக யான் தென்கிழக்கு மூலை மேசையில், புதுக்கோட்டையார் நடுவே, என் தெருவார் பக்கத்திலேயே அமர்ந்து உண்டு வருகிறேன்.