சீட்டு சொல்லும் தீர்ப்பு

சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டமானாலும், பட்டணத்துப் பெரிய மாளிகையானாலும், மூட்டுவலியைப் பற்றி ஜனங்களிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம் ஒன்றே: ரத்தத்தில் 'ஆர்.ஏ.' என்னும் காரணி இருந்தால் முடக்குவாதம், இல்லாவிட்டால் வெறும் குளிர். படித்தவர்களும் இப்பிரமைக்கு விலக்கல்லர் என்பதே விசனம்.

1940-இல் நார்வே தேசத்து எரிக் வாலர் விவரித்த அந்தக் காரணி, முடக்குவாதம் கொண்டவர்களிலேயே நூற்றுக்கு எழுபது பேரிடம்தான் தென்படுகிறது. பின்னர் வந்த 'ஆன்டி சிசிபி' பரிசோதனை அநாவசியமாகப் பழி சுமத்துவது அபூர்வமாயினும், அதுவும் ஏறக்குறைய மூவரில் ஒருவரைத் தப்பவிடுகிறது. ஆகவே, 'இல்லை' என்ற சீட்டைப் பெற்றுத் திரும்பும் தோட்டத் தொழிலாளிப் பெண், விடிந்து ஒரு மணி நேரமாகியும் விரல் மடங்காமல், கணுக்கள் வீங்கி, செடியின் தூரில் குனிந்து பிஞ்சை விட்டு விளைந்த காயை மட்டும் சரத்திலிருந்து கிள்ளியெடுக்கும் லாகவம் கைவிட்டுப்போக, தைலத்தையும் வலி மாத்திரையையும் நம்பி மாதங்களைக் கழிக்கிறாள். எலும்பு அரிக்கப்படுவதோ பலருக்கு முதல் இரண்டு வருஷத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

நோய் தலைகாட்டுமுன்பே, இப்பரிசோதனைகள் தேடும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தோன்றுகிறதே என்பர். மெய்தான், பின்னாளில் நோயுற்ற டச்சு ரத்ததானக்காரர்களின் பழைய ரத்தத்தை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள், ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது முன்னரே இருந்தது. மற்றப் பாதிப்பேர்? இனி, வலியே இல்லாத ஆயிரம் பேரை முகாமில் நிறுத்தி 'ஆர்.ஏ.' பார்த்தால், நோயாளிகள் பத்துப் பேருக்குக் குறைவாயிருக்க, ஆரோக்கியவான்களில் நூற்றுக்கு ஐவர் என்றாலும் ஐம்பது பேர் காரணமின்றிக் கலங்குவார்கள். முதுமையிலும், காசநோய், குஷ்டம் முதலியவற்றிலும் அது தென்படும். பரிசோதனைக்கூடத்தாரை நோவானேன்? கேட்டதை அளந்து கொடுத்தார்கள். அர்த்தம் கற்பித்துக்கொண்டவர்கள் நாம்.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2010-இல் வகுத்த விதியில், பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தாலன்றி முடக்குவாதமென நிர்ணயிப்பதில்லை. எதிர்ப்பொருளுக்கு அதிகபட்சம் மூன்று, வீங்கிய அல்லது வலிக்கும் மூட்டுகளுக்கோ ஐந்து வரை. அதாவது, ரத்தம் சாட்சியே தவிர நீதிபதியன்று.

விரல் கணுக்களின் வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரம் தாண்டினால், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வாதநோய் நிபுணரிடம் சென்று சீட்டுக்கு முன்னால் விரல்களைக் காட்டுங்கள்.