சர்க்கரை உள்ளவர் ஈறையும் பார்க்க வேண்டும்

சர்க்கரை நோய் உள்ள வியாபாரி கால் புண்ணுக்கும் கண்ணுக்கும் பயப்படுகிறார். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் மட்டும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் கடை திறக்கப் போய்விடுகிறார். இது தப்புக் கணக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கும் நம் தொழிலில் இது குறைய வழியில்லை.

சர்க்கரை ஏறினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகுகிறது. எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. கெட்ட ஈறு திரும்பவும் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. வட்டிக்கு வட்டி போல ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. ஹரால்ட் லோ என்ற பல் விஞ்ஞானி 1993-லேயே ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார். ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை சுமார் 0.4 புள்ளி இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுத்தது வாய் வறட்சி. சர்க்கரை மிகுந்தால் சிறுநீர் அதிகம் போய் உடம்பில் நீர் வற்றும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் உமிழ்நீரைக் குறைக்கும். பல்லைக் கழுவிக் காப்பது அந்த உமிழ்நீர்தான். நம்மில் பலரோ கல்லாவை விட்டு எழ முடியாது, பக்கத்தில் கழிப்பறை இல்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. நா வறண்டால் சர்க்கரை போட்ட டீ, கடை பாட்டிலிலிருந்து ஒரு மிட்டாய், இல்லையேல் பாக்கு. மூன்றுமே கேடு.

கல்லா அருகே தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ள மாட்டாரா? கடை அடைத்து வீட்டுக்குப் போனதும் பல் துலக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் போய், சர்க்கரை அளவையும் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். வாய் வறள்கிறதென்று மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கோட்டை. எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

சங்கங்கள் நடத்தும் முகாம்களில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அங்கே பல் டாக்டர் ஒருவருக்கும் நாற்காலி போட வேண்டும். கடைத்தெருவுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று மாநகராட்சியிடம் வற்புறுத்த வேண்டும். தண்ணீர் குடி என்று உபதேசம் செய்தால் மட்டும் போதாது; குடித்தவர் போக இடமும் வேண்டுமல்லவா?