பெய்ரூத்திலிருந்து திரும்பிய கத்தரிக்காய்



எங்கள் அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர் சென்ற மாதம் லெபனானிலிருந்து ஊர் திரும்பினார். 11 ஆண்டுகளாகப் பெய்ரூத் நகரிலே ஒரு வீட்டிற் சமையல் வேலை. அவர் புறப்பட்டபோது நான்கு வயதுக் குழந்தையாயிருந்த மகள் இன்று பத்தாம் வகுப்பு மாணவி. அம்மம்மாவின் சமையலையன்றித் தாயின் கைப்பக்குவத்தை அவள் அறியாள்.

வந்த மூன்றாம் நாள் அந்தத் தாய் சமைத்தது முத்தப்பல். சுட்ட கத்தரிக்காயை எள்விழுதுடன் பிசைந்து செய்யும் ஒரு தொடுகறி அது. "என்ன பிள்ளை, சனீஸ்வரனுக்கு எரிக்கிற எள்ளைக் கறியிலே போடுகிறாய்?" என்று அம்மம்மா கேட்டாராம். அவர் கேட்டதிலும் நியாயமுண்டு. எள் என்றதும் நமக்குச் சனிக்கிழமை விளக்கும் எள்ளுருண்டையுமே நினைவில் எழுகின்றன.

ஆனாற் கத்தரிக்காயை அந்நியமென்று யாரும் தள்ளிவிட முடியாது. இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு நாடுகளை அடைந்த காய் அது. அரபு மொழியில் அதற்குப் பாதின்ஜான் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டிலே பாக்தாத்தில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலிற் கத்தரிக்காய்ப் பதார்த்தங்கள் இடம்பெற்றுள்ளன. அந்த அரபுச் சொல்லே திரிந்து போர்த்துக்கேயர் வாயில் 'பெரிஞ்சேலா' ஆகி, நம் நாட்டு ஆங்கிலத்திற் 'பிரிஞ்சால்' என்று வந்து சேர்ந்தது. காய் மேற்கே போயிற்று. பெயர் திரும்பி வந்தது!

இனிச் செய்முறை. அரைக் கிலோ பெரிய கத்தரிக்காயை முள்ளாற் பல இடங்களிற் குத்துங்கள், குத்தாவிடில் வெடிக்கும். தணலிலோ காஸ் அடுப்பின் சுவாலையிலோ தோல் முற்றும் கருகி, உள்ளே குழையும்வரை திருப்பித் திருப்பிச் சுடுக. வெந்நீரில் அவித்தாற் புகைமணம் இராது. அந்த மணமின்றேல் இந்தப் பதார்த்தமே இல்லை. தோலை உரித்துச் சதையைக் கால் மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். நம் சம்பலுக்கு இது வேண்டியதில்லை. இங்கே நீர் தங்கினால் எல்லாம் கஞ்சியாகும்.

தோல் நீக்கிய வெள்ளை எள் நான்கு மேசைக்கரண்டி எடுத்து மணம் எழுமளவுக்கு மாத்திரம் வறுக்கவும். சிவந்தாற் கசக்கும். சிறிது நல்லெண்ணெய் விட்டு மையாக அரைத்து, ஒரு தேசிக்காயின் சாற்றை ஊற்றுங்கள். உடனே விழுது இறுகித் திரளும். முதல்முறை நானும் கெட்டுவிட்டதென்றே எண்ணி வீசப்போனேன். குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் வெளுத்து, பாலாடைபோல் நெகிழும். அதன் பின்னரே உப்பும், நசுக்கிய உள்ளி இரண்டு பல்லும், பிசைந்த கத்தரிக்காயும் சேர்க்கவேண்டும். தட்டிற் பரப்பி ஒலிவ் எண்ணெய் சிறிது விட்டு, மாதுளை முத்துக்களைத் தூவுக. பாணுக்கும் ரொட்டிக்கும் நன்கு பொருந்தும். சோற்றுக்கு நம் சம்பலே மேல் என்பது என் கட்சி.

இதையே பாபா கன்னூஜ் என்பாரும் உளர். லெபனானிற் பலர் அப்பெயரை எள் சேராத வேறொன்றுக்கு வழங்குவர்.

அன்று அந்தப் பிள்ளை இரண்டு ரொட்டி உண்டபின், "அம்மா, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்து கொடுத்தீங்களா?" என்று கேட்டாளாம். "ஓம், கிழமைக்கு இரண்டு தரம்" என்றாராம் தாய். பிள்ளை சற்று நேரம் பேசாதிருந்து, பின்பு மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டினாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அந்தப் பெண்மணி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிறு மகளே கத்தரிக்காய் சுடுவதாக ஏற்பாடு. உள்ளி ஒரு பல்லுக்கு மேல் கூடாதென்பது அம்மம்மாவின் உத்தரவு.