சே-12ஐத் தெரியுமா?

'சே' என்றதும் தாடியும் தொப்பியும் டி-ஷர்ட்டும் ஞாபகம் வந்தால் தப்பில்லை. நான் சொல்வது வேறு சே. சென்னையின் சுருக்கம். சே-8, சே-9சி, சே-12 எல்லாம் நம் ஊரில் கிடைத்த பாக்டீரியோஃபேஜ்கள். அதாவது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள். நம்மை ஒன்றும் செய்யாது.

சே-12, காசநோய்க் கிருமிக்குள்ளேயே நுழையக்கூடியது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் அதனுள் மின்மினிப்பூச்சியின் ஜீனைச் செருகி, உயிருள்ள கிருமியை ஒளிர வைத்தார்கள் (2008). மருந்து போட்ட பிறகும் ஒளிர்ந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சே-9சியின் ஜீன்களை வைத்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைத் திருத்தும் கருவியே செய்துவிட்டார்கள் (2007).

தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பேர். அதைத் தாண்டி தினம் காலேஜ் போகும் மைக்ரோபயாலஜி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'ஃபேஜின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்றால் அழகாக வரைவார்கள். சே? 'யார் சார் அது?'

இது அவர்கள் குற்றமில்லை. நாம் சொல்லித் தரும் லட்சணம்.

ஃபேஜ் பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து, தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது. பாக்டீரியாவின் தொழிற்சாலையிலேயே தன் நகல்களைத் தயாரித்து, கடைசியில் அதை வெடிக்க வைத்து வெளியே வருகிறது. பாக்டீரியாவும் லேசுப்பட்டதல்ல. ஃபேஜ் உட்காரும் இடத்தையே மாற்றிவிடும். அந்நிய டி.என்.ஏ.வைக் கத்தரிக்கும் என்சைம் வைத்திருக்கும். 'கிரிஸ்பர்' என்ற ஏற்பாட்டில், போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் போட்டோ மாட்டுவதுபோல எதிரியின் துண்டு ஒன்றைச் சேமித்து, மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டும். எதுவும் பலிக்காவிட்டால் தற்கொலை. தான் செத்தாலும் கூட்டம் பிழைக்கட்டும் என்று.

அதனால்தான் ஒரே ஒரு ஃபேஜை நம்பி வைத்தியம் பார்க்க முடியாது. நூற்றுக்கணக்கில் கைவசம் வேண்டும்.

எதற்கு, அதுதான் ஆன்ட்டிபயாடிக் இருக்கிறதே என்பீர்கள். மிக வலுவான ஆன்ட்டிபயாடிக்குகளையே முறிக்கும் 'நியூடெல்லி' என்சைம் பற்றி 2010-ல் கட்டுரை வந்தது. அதில் சென்னை மாதிரிகள் மட்டும் 44. நாமோ கிருமியை விட்டுவிட்டு, ஊர்ப் பேரை எப்படி வைக்கலாம் என்று சண்டைக்குப் போனோம். நம் ஊர்ப் பேரைப் பெருமையாகத் தாங்கிய சேயைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஒரு மாணவி அழுகின கத்தரிக்காயிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தாள். அதையும் இன்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில், எந்த மருந்துக்கும் மசியாத கிருமியால் சாகக் கிடந்த ஒரு பிரிட்டிஷ் சிறுமி தேறி வீடு திரும்பினாள். 2019-ல் உலகமே படித்த செய்தி. கண்டுபிடித்தபோது அந்த மாணவிக்கு இது மருந்தாகும் என்று தெரியாது. தேடினாள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2008 முதல் முதலாண்டு மாணவர்கள் மண்ணைக் கிளறி ஃபேஜ் தேடுகிறார்கள். கண்டுபிடித்தவரே பேர் வைக்கலாம். இதற்கு ஒரு பிடி மண், ஒரு ஃபில்டர், தீங்கில்லாத மைகோபாக்டீரியா, இரண்டு மூன்று நாள் பொறுமை போதும். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் கல்லூரிகளில் இதில் எது இல்லை? மண் இல்லையா? சாக்கடைதான் இல்லையா?

படம் வரைகிற பத்து மார்க்கை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு ஃபேஜ் கொண்டுவரச் சொல்லுங்கள். 'குரோம்பேட்டை-1' என்று பேர் வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.