பரம்பரை நோயா, பரம்பரைப் பழக்கமா?

"எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் வந்துவிட்டது." நீரிழிவு பற்றி எம்மவர்கள் பேசத் தொடங்கினால் முதலில் வருவது இந்த வசனந்தான். யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் வெள்ளவத்தையில் கேட்டாலும், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கேட்டாலும் வசனத்தில் மாற்றமில்லை. சொல்லி முடித்ததும் சீனி போட்ட தேநீரை ஒரு கையிலும் பற்றிஸை மறு கையிலும் எடுத்துக்கொள்கிறோம். பழியைப் பாட்டன் மீது போட்டாயிற்று. இனிக் குளிசை விழுங்குவது மட்டுமே எமது வேலை என்ற நிம்மதி.

இந்த நிம்மதி பொய்யானது. அதைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. தெற்காசியரான எமக்கு, ஐரோப்பியரைவிடக் குறைந்த உடற்பருமனிலும் குறைந்த வயதிலும் இந்நோய் வருகிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே பெரும் பகை. ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்ரிமீற்றர் என வகுத்த இடுப்புச் சுற்றளவின் எல்லையைச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசிய ஆண்களுக்கு 90 ஆகக் குறைத்திருப்பது இதனால்தான். ஆனால் வழிவழியாக வருவது நோயல்ல. நோய் வருவதற்கான சாத்தியம். ஆபத்து அதிகம் என அறிந்தவன் அதிக எச்சரிக்கையோடு இருப்பதல்லவா முறை? தன் வீட்டுக் கூரை ஓலையென்று தெரிந்தவன் அடுப்பைக் கவனமாக மூட்டுவான். கூரையை வேய்ந்தது பாட்டன்தானே என்று சொல்லித் தீப்பந்தத்தோடு உள்ளே நுழையமாட்டான்.

அமெரிக்காவிலும் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகள் எமக்குப் பொருந்தா என்பாரும் உளர். சரி, சென்னை ஆய்வையே எடுத்துக்கொள்வோம். வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006 இல் வெளியாகின. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டுகளில் நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39.3 சதவீதம், மெற்போமின் குளிசை உட்கொண்டவர்களில் 40.5, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. அதாவது ஒழுங்கான உணவும் நடையும் குளிசைக்குச் சமமாக நின்றன. பழக்கத்தை மாற்றியவர்களிலும் பத்தில் நால்வருக்கு நோய் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைப் பரம்பரையின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தப்பியவர்களைத் தப்பவைத்தது எது?

உண்மையில் எம்மிடம் பரம்பரையாக வருவது பழக்கம். தேநீரில் சீனி குறைந்தால் உபசாரம் குறைந்துவிட்டதென நினைக்கிறோம். சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. இரண்டு கரண்டி சீனியுடன் ஐந்து தேநீர் அருந்துபவர் வேறெதையும் தொடாமலே பத்துக் கரண்டியை எட்டிவிடுகிறார். மதியத்தில் சோறு மலையாகக் குவிந்திருக்க, கீரையும் பயற்றங்காயும் கோப்பையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. "இரவில் சோறு தொடுவதில்லை, இடியப்பந்தான்" என்று பெருமை பேசுவோரும் உண்டு. இடியப்பமும் பிட்டும் பாணும் சோற்றின் உடன்பிறப்புகள் அல்லவா?

இதெல்லாம் எமது பண்பாடு என்ற சமாதானமும் எடுபடாது. திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது.

உழைப்பின் கதையும் இவ்வாறே. 1990களில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலின்றி யாழ்ப்பாணம் சைக்கிளில் ஓடியது. அந்தக் காலத்தை நான் போற்றவில்லை. பசியும் மருந்துத் தட்டுப்பாடும் எவருக்கும் சுகம் தந்ததில்லை. ஆனால் 2009 இல் போர் முடிந்து பாதைகள் திறந்தபின், சைக்கிள் மதிப்புக் குறைந்தவனின் வாகனமாயிற்று. சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் தேவைப்படுகிறது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் தூசு தட்டி எடுத்த சைக்கிள்களையும், வரிசைகள் மறைந்ததும் பலர் மறந்துவிட்டார்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணையின்றியே குருதியிலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்ளக் கூடியது. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள்களுக்கு அரை மணி நேர விரைவு நடை போதும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால் பெண்கள் நடக்க ஊர் விட வேண்டும். மாலையில் தனியே நடக்கும் பெண்ணைப் பற்றிக் கதை கட்டுகிறவர்கள், அவளுடைய நோய்க்கும் பொறுப்பாளிகளே.

கிளினிக்குக்கு முன் மூன்று நாள் விரதமிருந்து, குருதிப் பரிசோதனை முடிந்த அன்றே கொத்துரொட்டிக் கடைக்குப் போகிறவர்களும் எம்மிடையே உளர். எச்பிஏ1சி என்ற பரிசோதனை முந்திய இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைக் காட்டிவிடும். வைத்தியரை ஏமாற்றலாம், சிவப்பணுக்களை ஏமாற்ற முடியாது.

மறுபுறத்தில், குளிசையை வீசிவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடியுங்கள் என வட்ஸ்அப்பில் உபதேசிப்போர். இவர்கள் முன்னவர்களைவிட ஆபத்தானவர்கள். முதலாம் வகை நீரிழிவு பழக்கத்தால் வருவதல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினே உயிர். ஏனையோரும் மருந்தைக் குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நடையும் உணவும் மருந்துக்குத் துணை. மருந்தை எறிவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

நோயாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. அப்பாவுக்குத் தனியே அவித்த மரக்கறியும், மற்றவர்களுக்குப் பொரியலும் இனிப்புமாக இருக்கும் வீட்டில் அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? நோயுள்ளவருக்கு நல்ல உணவு நோயற்றவருக்கும் நல்லதே. மாற வேண்டியது முழு அடுக்களையும்.

கட்டுப்பாடற்ற நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் ஓசையின்றிக் கேட்கும். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்வது காணியும் நகையும் மட்டுமல்ல. உண்ணும் முறையையும் நடக்கும் பழக்கத்தையும் சேர்த்தே விட்டுச்செல்கிறோம். பாட்டனைக் குறை கூறும் நாமும் நாளை பாட்டன்களாவோம். அந்தப் பழி எம்மீது விழாதிருக்க, இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.