எத்தனையாவது தோட்டா?

வேட்டைக் கதைகளைத் தமிழில் வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு நெருடலாக இருக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: 'துப்பாக்கி சிக்கிக்கொண்டது.' விலங்கு பாய்கிறது, துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது, வேட்டைக்காரன் தப்புகிறான் அல்லது சாகிறான். எது சிக்கியது, எந்த இடத்தில் சிக்கியது, ஏன் சிக்கியது என்று எழுதியவர் சொல்வதில்லை, மொழிபெயர்ப்பவர் கேட்பதில்லை, வாசிக்கும் நாமும் கடந்துபோகிறோம். இது வெறும் சொற்சிக்கனம் அல்ல, சோம்பல் என்பது எங்கள் கருத்து. அந்த ஒரு வாக்கியத்துக்குள் பிழை கருவியுடையதா, கையுடையதா என்ற கேள்வி புதைந்துவிடுகிறது. கதையின் உயிரோ அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தோட்டாவையும் குண்டையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் அடிபட்டால் தீப்பற்றும் சிறு தொப்பி, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டுமே. கூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றுவதுதான் இங்கே பேசப்படும் வேலை.

அந்த வேலையும் எல்லாத் துப்பாக்கிகளிலும் ஒன்றல்ல. 1907இல் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போன ஜிம் கார்பெட்டிடம் இருந்தது இரட்டைக்குழல் ரைஃபிள். அதில் தோட்டாக்களைக் கையால்தான் இட வேண்டும். கொண்டுபோன மூன்று தோட்டாக்களும் தீர்ந்த பிறகு தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கித்தான் அவர் அந்த வேட்டையை முடித்தார். அந்தச் செயலுக்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி, போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை. தருமபுரி, ஓசூர்க் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரோ விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலால் இயங்குவது. இம்மூன்றுக்கும் 'துப்பாக்கி சிக்கியது' என்று ஒரே வாக்கியம் எழுதினால் மூன்றிலும் நாம் எதையும் பார்க்கவில்லை என்றே பொருள்.

போல்ட் ரைஃபிளில் தோட்டாவின் பாதை சிறியது. மேகஸினின் அடியிலுள்ள வில் தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலேயுள்ள இரு விளிம்புகள் அவை துள்ளி வெளியேறாமல் அணைத்துப் பிடிக்கின்றன. போல்ட்டை முழுக்கப் பின்னிழுத்து முன்னே தள்ளினால் அதன் முகம் மேல் தோட்டாவின் பின்விளிம்பில் மோதி, சரிவுப் பாதையில் ஏற்றி, குழலின் பின்புற அறைக்குள் செலுத்துகிறது. இத்தனையும் ஓரிரு நொடிக்குள்.

இந்தப் பாதையில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி நோய். போல்ட் தோட்டாவை எடுக்காமலே அதன் மேலாகச் சென்று மூடிக்கொண்டால், வில் தளர்ந்திருக்கலாம், மேகஸின் சரியாகப் பொருந்தாதிருக்கலாம், அல்லது கை போல்ட்டை முழுக்கப் பின்னிழுக்காதிருக்கலாம். குண்டின் மூக்கு மேகஸினின் முன்சுவரிலோ சரிவிலோ குத்தி நின்றால், விளிம்பின் வளைவு, வில்லின் சாய்வு, தோட்டாவின் நீளம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தோட்டா அறைக்குள் போயும் போல்ட் மூடவில்லையென்றால், அறை அழுக்கேறியிருக்கலாம், கூடு நசுங்கியிருக்கலாம், பற்றும் கொக்கியின் அடியில் துகள் அடைந்திருக்கலாம். .303 போல அடியில் புடைத்த விளிம்புள்ள தோட்டாக்களில் மேலதன் விளிம்பு கீழதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அது நிரப்பியவரின் கவனக்குறைவு, ரைஃபிளின் குற்றமல்ல.

நோயறியும் முறையும் எளியதே. குழலைப் பத்திரமான திசையில் வைத்து, அறையும் மேகஸினும் காலி என்று இருமுறை பார்த்த பின், மருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது: எத்தனையாவது தோட்டா? நிரம்பிய மேகஸினின் முதல் தோட்டா மட்டும் இறுகினால் வில்லின் அழுத்தம் மிகுதி என்று ஐயுறலாம். கடைசித் தோட்டா மட்டும் தவறினால் வில் சோர்ந்திருக்கிறது. இரண்டாவது: எந்தப் பக்கம்? இடப்பக்க வரிசைத் தோட்டாக்கள் மட்டும் தடைபட்டால் அப்பக்க விளிம்பைப் பார்க்கலாம். மூன்றாவது: எந்த வேகம்? நிதானமாக இயக்கும்போது ஒழுங்காக ஏறி, பதற்றத்தில் மட்டும் தவறினால் ஆராய வேண்டியது கை. இக்கேள்விகளைக் கேட்காமல் அரத்தை எடுத்துச் சரிவைத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்த இரும்பு திரும்பி வராது. அது தேர்ந்த கம்மியரின் வேலை.

பதறும் கையை முன்னறிந்தவர் போலவே பவுல் மவுசர் தம் 1898ஆம் ஆண்டு அமைப்பைச் செய்திருக்கிறார். அதன் நீண்ட கொக்கி, தோட்டா மேகஸினை விட்டு எழும்போதே அதன் அடியைப் பற்றிக்கொள்கிறது. பாதி வழியில் போல்ட்டைப் பின்னிழுத்தால் தோட்டாவும் கூடவே வந்துவிடும். தள்ளி ஏற்றும் வகையில் போல்ட் மூடும் தறுவாயில்தான் கொக்கி பற்றும். பயந்தவன் மூடாமலே பின்னிழுத்து மறுபடி தள்ளினால், அறையில் ஒரு தோட்டா, அதன் முதுகில் இன்னொன்று. இரண்டும் நெரிந்து நிற்கும். 1964இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70 ரைஃபிளை, செலவைக் குறைக்கும் நோக்கில், இந்த வகைக்கு மாற்றியபோது வேட்டைக்காரர்கள் கொதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மவுசரின் கொக்கியும் அரை இழுப்பு இழுக்கும் கையைத் திருத்தாது. போல்ட் முழுக்கப் பின்னே வராவிட்டால் அது பற்றுவதற்குத் தோட்டாவே இராது.

இந்த அறிவோடு சௌகர் பெண்புலியின் முடிவை மறுபடி வாசித்துப் பாருங்கள். 1930 ஏப்ரலில் கார்பெட் அதை எதிர்கொண்டபோது அவருடைய இடக்கையில் இரண்டு பக்கிக்குருவி முட்டைகள், வலக்கையில் அந்த.275. முட்டைகளைக் கீழே போடவில்லை. ரைஃபிளை ஒற்றைக் கையால் மெல்லத் திருப்பிச் சுட்டார். துணிச்சல் என்று வியந்து நகர்ந்துவிடுகிறோம். போல்ட்டின் இயக்கம் தெரிந்தவருக்கு அதில் இன்னொரு செய்தி கேட்கும்: சுட்ட கையே விசையையும் விட்டு, போல்ட்டையும் இழுத்து, ரைஃபிளையும் தாங்க வேண்டும். அது நடவாத காரியம். மேகஸின் நிறையத் தோட்டாக்கள் இருந்தாலும் அந்த நொடியில் அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

ஹெமிங்வேக்கு இது தெரியும். 1936இல் வெளியான மெக்கோம்பர் கதையில் சிங்கத்தின் முன் நிற்பவன் விசையை விரல் முறியுமளவு அழுத்துகிறான், ரைஃபிள் வெடிக்கவில்லை. பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க மறந்திருக்கிறான். 'துப்பாக்கி சிக்கியது' என்று எழுதியிருந்தால் அவன் வெறும் துரதிர்ஷ்டசாலியாக எஞ்சியிருப்பான். எந்த இடத்தில் எது நின்றது என்று எழுதியதால்தான் அவனுடைய அச்சம் நமக்குத் தெரிகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை விளையாட்டு நம் நாட்டில் முடிந்தது, முடிந்ததே நல்லது. மிஞ்சியிருப்பவை புத்தகங்கள். அவற்றை மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியதுதான். அடுத்த முறை அந்த வாக்கியம் பேனா முனைக்கு வரும்போது ஒரு கணம் நின்று, எத்தனையாவது தோட்டா என்று கேளுங்கள்.